கண்ணாடி அல்லாத கண்ணாடி

பொருள் மாறிப் போன பின்பும் பெயர் மாறாமல் நிலைத்துவிடும் சில சொற்கள் நம்மிடையே உண்டு. காரின் முன்புறம் ஒளிரும் விளக்கின் மேல்மூடியை இன்றைக்கும் நாம் 'ஹெட்லைட் கண்ணாடி' என்றே அழைக்கிறோம். பட்டறைக்காரரும் அப்படியே சொல்கிறார். கடைக்காரரும் அப்படியே கேட்டு எடுத்துத் தருகிறார். ஆனால் அது கண்ணாடி அன்று. பாலிகார்பனேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், சில ஆண்டுகள் ஓடிய காரின் விளக்கில் சிலந்தி வலை பின்னியது போல் மயிரிழை விரிசல்கள் ஏன் தோன்றுகின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, அதைக் கண்ணாடி என்று நம்பி நாம் துடைக்கும் முறையில் இருக்கிறது.

ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில், வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பட்டறை ஒன்றில் எட்டாண்டுக் காலம் பணியாற்றியவன் நான். அங்கே நிழலில் நின்றாலே 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடிக்கும் கோடை நாட்களில், திறந்த வெளியில் வருடக்கணக்கில் நின்ற வண்டிகள் எங்களிடம் வரும். வண்ணம் மங்கியிருக்காது, இருக்கைத் துணியும் கிழிந்திருக்காது, ஆனால் முகப்பு விளக்குகள் மட்டும் கண்புரை விழுந்த முதியவரின் கண்களைப் போல் மஞ்சளித்து நிற்கும். அவற்றைத் தேய்த்தும், மெருகேற்றியும், கழற்றி மாற்றியும் பழகிய கைகளால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கண்ணாடி விலகிய கதை

நடு வயதைத் தாண்டியவர்களுக்கு அம்பாசடர் காரின் வட்டமான விளக்குகள் நினைவிருக்கும். அவை உண்மையான கண்ணாடி. 2014-ஆம் ஆண்டு அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோனது. எனினும், இன்றும் எங்கேனும் ஒரு பழைய அம்பாசடரைக் காண நேர்ந்தால் அதன் விளக்கை உற்று நோக்குங்கள். கல்பட்டு உடைந்திருக்கலாம், ஆனால் மஞ்சளித்திருக்காது.

அப்படியிருக்கக் கண்ணாடியை ஏன் கைவிட்டார்கள்? பாலிகார்பனேட்டை 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே கண்டறிந்தனர். ஒளியைக் கண்ணாடிக்கு நிகராகவே உள்ளே விடும்; எடையோ கண்ணாடியின் பாதிதான்; சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் சிதறாது. அமெரிக்காவில் 1940 முதல் எல்லாக் கார்களுக்கும் வரையறுக்கப்பட்ட அளவுகளிலான, முழுதும் மூடப்பட்ட கண்ணாடி விளக்குகளே சட்டப்படி கட்டாயமாக இருந்தன. 1983-இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. 1984-ஆம் ஆண்டின் மாதிரியாக வந்த லிங்கன் நிறுவனத்தின் 'மார்க் செவன்' கார், பல்பை மட்டும் கழற்றி மாற்றத்தக்க, காரின் முகத்தோடு முகமாக வளைந்து கிடக்கும் பிளாஸ்டிக் விளக்குகளுடன் அந்நாட்டுச் சாலைக்கு வந்தது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமும், அதனால் எரிபொருள் சிக்கனமும், கண்ணுக்கு அழகும் சேர்ந்து கிடைத்தன. அதன் பின் உலகமே அவ்வழி சென்றது.

அழகும் வலிமையும் பெற்றோம். அதற்கு ஈடாக ஆயுளில் ஒரு பகுதியைக் கொடுத்தோம்.

பிறவியிலேயே வந்த இறுக்கம்

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்பட்ட மூலக்கூறுகளின் பின்னல். நம் வீட்டு இடியாப்பத் தட்டை எண்ணிப் பாருங்கள். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இழைகளுக்கு எப்படி ஒரு பிடிப்பு இருக்கிறதோ, அப்படித்தான் பாலிகார்பனேட்டின் வலிமையும். ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் தேன்பாகு போல் உருகிய அந்தப் பொருளை, பெரும் அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் பாய்ச்சுகிறார்கள். அச்சின் சுவரைத் தொட்ட மேற்பகுதி முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. ஆனால் ஏற்கெனவே இறுகிய மேற்பகுதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இந்த இழுபறி அப்படியே உறைந்து, அந்த மூடியின் உடலுக்குள் தங்கிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்த இறுக்கத்தைக் கண்ணால் காணவும் வழியுண்டு. கணினியின் வெண்மையான திரைக்கு முன்னால் ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்து அதைப் பாருங்கள். தலையைச் சற்றே சாய்த்தால் அளவுகோலுக்குள் வானவில் நிறங்கள் பட்டை பட்டையாய்த் தோன்றும். அந்நிறங்கள் நெருங்கி நிற்கும் இடமெல்லாம் இறுக்கம் மிகுந்த இடம். விளக்கு மூடியில் இவ்விடங்கள் பெரும்பாலும் கூர்ந்து வளையும் மூலைகள், உறையோடு ஒட்டப்பட்ட விளிம்புகள், உருகிய குழம்பு உள்ளே பாய்ந்த வாய் ஆகியவை. விரிசல்கள் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் அவ்விடங்களில்தான்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காக, வார்த்தெடுத்த மூடியை 120 டிகிரி அளவிலான சூட்டில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிடுவது முறையான ஆலைகளின் வழக்கம். விலை மலிந்த போலி உதிரிபாகங்களில் இந்தப் பொறுமை இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வெயில் செய்யும் வேலை

பிறவி இறுக்கம் மட்டுமே இருந்தால் மூடி பல்லாண்டு தாங்கும். அதன் மேல் வெயில் ஏறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்கின்றன. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து மஞ்சள் நிறப் பொருள்கள் உருவாகின்றன. நீண்ட இடியாப்ப இழைகளைத் துண்டு துண்டாய் உதிர்த்துவிட்டால் பிடிப்பு எங்கே இருக்கும்? மேற்பரப்பு அவ்வாறே நொறுங்கும் தன்மை அடைகிறது.

இதை உணர்ந்துதான், ஒவ்வொரு மூடியின் மேலும் புற ஊதாக் கதிரை விழுங்கும் மருந்து கலந்த கடினமான பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். அதன் தடிப்பு ஏறத்தாழ பத்து மைக்ரான். நம் தலைமுடியின் தடிப்பில் பலவற்றுள் ஒரு பங்கு. அத்துணை மெல்லிய திரைதான் காரின் ஆயுள் முழுதும் வெயிலைத் தடுத்து நிற்க வேண்டும். ஆனால் அதிலுள்ள மருந்தும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோகிறது.

இத்துடன் வெப்பத்தால் விரிவதும் குளிரால் சுருங்குவதும் சேர்ந்துகொள்கின்றன. அரை மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் மூடி, நடுப்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே 40 டிகிரி வெப்ப வேறுபாட்டைச் சந்தித்தால், ஒரு மில்லிமீட்டரையும் தாண்டி நீண்டு சுருங்கும். அதே நீளமுள்ள கண்ணாடியோ அதில் ஏழில் ஒரு பங்கு அளவே அசையும். கீழே இருக்கும் பிளாஸ்டிக் நாள்தோறும் நீண்டு சுருங்க, மேலே இருக்கும் கடினப் பூச்சு அதே அளவு நீள இயலாமல் தவிக்கிறது. இளமையில் தாங்குகிறது, வெயிலில் முதிர்ந்த பின் வெடிக்கிறது. வறண்ட கண்மாயின் வண்டல் பாளம் பாளமாய் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அந்த வெடிப்பின் வழியே ஈரமும் தூசியும் இறங்குகின்றன, பூச்சு உரிகிறது, அடியிலுள்ள பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராய் நிற்கிறது.

கடற்கரை ஊர்களில் இதற்கெல்லாம் உப்புக்காற்றே காரணம் என்று சொல்வது வழக்கம். இரும்பை அரிப்பது உப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் பாலிகார்பனேட்டை உப்பு அவ்வாறு அரிப்பதில்லை. காற்றோடு வரும் மணல் அதைக் கீறலாம். உண்மைக் குற்றவாளி மேலே காயும் வெயில்.

உள்ளிருந்தும் தாக்குதல் வரலாம். பொதுவாக 55 வாட் அல்லது 60 வாட் ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த விளக்கில், வெளிச்சம் போதவில்லை என்று 90, 100 வாட் பல்பை மாட்டுவோர் உண்டு. அந்தக் கூடுதல் சூடு முழுவதும் மூடியின் மேல்தான் இறங்குகிறது. பிளாஸ்டிக் மூடிக்குரிய தரமான பல்புகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தனிவகைக் குவார்ட்ஸ் பயன்படுத்தப்படுகிறது. மலிவான பல்புகளில் அதுவும் இல்லாதிருக்கக்கூடும்.

துடைக்கும் கை

இனி, நாம் அறிந்துகொள்ள வேண்டிய இடத்திற்கு வருகிறேன். உள்ளே இறுக்கம் நிறைந்த ஒரு பிளாஸ்டிக்கின் மேல் சில இரசாயனங்கள் பட்டால், சங்கிலிகளுக்கு இடையே அவை நுழைந்து பிடிப்பைத் தளர்த்திவிடுகின்றன. தளர்ந்த இடத்தில் உள் இறுக்கம் தன் வேலையைக் காட்டுகிறது. வெயிலால் ஆண்டுகளில் நேர்வது இதனால் நிமிடங்களில் நேர்ந்துவிடலாம். மயிரிழை விரிசல் பலவற்றின் பிறப்பு இங்கேதான்.

அந்த இரசாயனங்கள் யாவை? பெட்ரோல், வண்ணப் பட்டறையின் தின்னர், நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், காரம் மிகுந்த தரை கழுவும் திரவம் ஆகியவை. வீட்டுச் சன்னலுக்கு ஏற்றது என்பதால் விளக்குக்கும் ஏற்றது என்று எண்ணிவிடுகிறோம். பெயரில் 'கண்ணாடி' இருக்கிறதல்லவா? 'டீட்' என்னும் மருந்து கலந்த கொசு விரட்டியைத் தடவினால் விளக்கு பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒரு வித்தை பரவியிருக்கிறது. ஆகும், ஏனெனில் அது மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்து மீண்டும் இறுகிய அந்தத் தோல் முன்னைவிட விரைவில் கெடும்.

அண்மைக்காலத்தில் ஆவி மெருகு என்று ஒன்று சாலையோரங்களிலும் நடக்கிறது. குளோரின் கலந்த கரைப்பானைச் சிறு குவளையில் சூடாக்கி, அதன் ஆவியை விளக்கின் மேல் ஓட்டுவார்கள். மங்கிய விளக்கு கண்ணெதிரே பளிங்காக மாறும். பார்ப்பவர் வியந்து பணத்தைக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்த ஆவி பாலிகார்பனேட்டை உருக்கி, மேற்பரப்பில் புதிய இறுக்கத்தை ஏற்றிவிட்டுச் செல்கிறது. பாதுகாப்புப் பூச்சு ஏதும் அங்கே மிஞ்சுவதில்லை. அந்த ஆவியைச் சுவாசிப்பது செய்பவருக்கும் கேடு.

மருமகனின் கண்ணும் காரின் கண்ணும்

என் ராத்தாவின் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். வளைகுடாவிலிருந்து வரும் நம்மூர் மக்களைத் திருச்சி விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவதே அவன் பிழைப்பு. விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் இறங்குகின்றன. புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் வரும் சாலையில், இருபுறமும் கருவேலங்காடு சூழ்ந்த இருளில் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். வண்டிக்கு ஒன்பது வயது.

சென்ற ஆண்டு ஒருநாள் ராத்தா என்னிடம் வந்து, "தம்பி, இவன் இனிமேல் ராத்திரி வண்டி ஓட்ட மாட்டேன் என்கிறான். வாங்கிய கடனை எப்படிக் கட்டுவது?" என்று கலங்கினார்.

அவனை அழைத்து விசாரித்தேன். "மாமா, என் பார்வை குறைந்துவிட்டது. போன வாரம் சைக்கிளில் போன ஒரு பெரியவரை மிக அருகில் போன பிறகுதான் பார்த்தேன். வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. பிரேக் பிடித்த பிறகு வெகு நேரம் எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது" என்றான். கண் மருத்துவரிடமும் போயிருக்கிறான். அவர் பரிசோதித்துவிட்டுக் கண்ணில் குறையே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை அவன் நம்பவில்லை.

அன்றிரவு எங்கள் வீட்டு மதிலுக்கு எட்டு மீட்டர் முன்னால் அவன் காரை நிறுத்தி, தாழ்ந்த ஒளியை எரியச் செய்தேன். ஒரு பக்கத்து விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பார்ப்பது என் பழைய வழக்கம். இடப்பக்க ஒளி சற்றே மங்கியிருந்தாலும், மதிலின் மேல் அதன் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. வலப்பக்கமோ, கோடே இல்லை. மூடுபனிக்குள் எரியும் தெருவிளக்கு போல் ஒளி எங்கும் பரவி, மதிலைத் தாண்டி வேப்பமரத்தின் உச்சி வரை ஏறியிருந்தது. சாலைக்குச் சேர வேண்டிய ஒளி மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வருபவரின் கண்ணுக்கும் அதுவே போகும்.

விளக்குக்குப் பக்கவாட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மூடியின் உடலுக்குள் வெள்ளி இழைகள் போல் நூற்றுக்கணக்கான விரிசல்கள் மின்னின. வலப்பக்கத்தை மட்டும் யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன். ஓராண்டுக்கு முன் வழியிலிருந்த ஒரு பட்டறையில் ஆவி மெருகு செய்ததாகச் சொன்னான். "செய்த அன்று புதிது போல் இருந்தது மாமா. இடப்பக்கத்துக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டேன்" என்றான். நேரமில்லாமல் போனதால் தப்பித்தது இடப்பக்கம்.

இளைஞன் ஒருவன் தன் கண்ணையே குற்றவாளியாக்கி, பிழைப்பையும் விட்டுவிடத் துணிந்திருந்தான். ஏன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பல்பு அணைந்தால் உடனே தெரிந்துவிடும். இதுவோ ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வோர் இரவும் நேற்றைவிட அணுவளவு குறைகிறது. கண்ணும் அதற்குப் பழகிக்கொள்கிறது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல், சுமார் 11 ஆண்டு பழமையான கார்களின் மங்கிய விளக்குகளை அளந்து பார்த்தது. புதிய விளக்கு தரும் ஒளியில் அவை தந்தது ஏறத்தாழ 20 விழுக்காடுதான். முறையாக மெருகேற்றிய பின் அது 70 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது.

மெருகா, மாற்றமா?

ஆகவே, எதை மெருகேற்றலாம், எதை மாற்றியாக வேண்டும் என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை. இதற்குப் பட்டறைக்குப் போகத் தேவையில்லை. மூடியின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரம் இருக்கும் வரை மங்கல் மறைந்தால், கேடு மேற்பரப்போடு நிற்கிறது. தண்ணீர் வழிந்தோடும்போதும் இழைகள் அப்படியே தெரிந்தால், விரிசல் உடலுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். டார்ச் ஒளியில் வெள்ளி இழை மின்னுவதும் அதற்கே சாட்சி.

மேற்பரப்புக் கேட்டிற்கு மருந்து உண்டு. வண்ணப் பட்டறைகளில் பயன்படும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, 600 அல்லது 800-ஆம் எண்ணில் தொடங்கி 1000, 1500, 2000 என்று படிப்படியாக மென்மைக்குச் சென்று தேய்க்க வேண்டும். பழைய பூச்சு முழுவதும் அகன்ற பின் பாலிஷ் போட வேண்டும். இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளிக்கும். ஏனெனில் இருந்த திரையையும் நாமே அகற்றிவிட்டோம். விளக்கு மூடிக்கென்றே தயாரிக்கப்பட்ட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை இறுதியில் பூசியே ஆக வேண்டும். பல் துலக்கும் பசையால் தேய்ப்பவர்களும் உண்டு. அது ஒரு மென்மையான உரசுபொருள், சில வாரப் பளபளப்பைத் தரும், அவ்வளவே.

உள் விரிசலுக்கு மருந்து இல்லை. தேய்க்கத் தேய்க்க அடுத்த விரிசல் தெரியும். அதன் மேல் கரைப்பான் கலந்த கிளியர் பூச்சைத் தெளித்தால், அது விரிசலுக்குள் இறங்கி அதை மேலும் அகலப்படுத்தும். மாற்றுவதே வழி.

மருமகன் தயங்கினான். புதிய விளக்கின் விலை அவனுக்கு ஒரு மாதத் தவணைக்குச் சமம். "பழைய இரும்புக் கடையில் கிடைக்குமா மாமா?" என்றான். வெயிலில் எத்தனை ஆண்டு காய்ந்ததென்று தெரியாத ஒன்றை மாட்டுவதில் பயனில்லை என்றேன். ராத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து மகன் கையில் வைத்தார். வலப்பக்கம் புதிய விளக்கு மாட்டினோம். இடப்பக்கத்தை நானும் அவனும் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு முற்பகல் முழுதும் அமர்ந்து தேய்த்துப் பூச்சிட்டோம். மறு வாரமே அவன் திருச்சிக்குப் புறப்பட்டான். கண்ணைப் பற்றிய பேச்சை அவன் பிறகு எடுக்கவே இல்லை.

அன்புச் சகோதரர்களே! சகோதரிகளே! வாகனத்தை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையேல் முகப்பாவது மேற்கு வெயிலுக்கு நேராக நில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியுமே விளக்குக்குப் போதும். வண்டி கழுவும் பையனின் கையில் பெட்ரோல் நனைத்த துணியைக் கண்டால், கடிந்துகொள்ளாமல் காரணத்தைச் சொல்லித் தடுங்கள். அது கண்ணாடி என்றுதான் அவனும் நம்பிக்கொண்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஒவ்வொரு விளக்காகப் பாருங்கள். குடும்பத்தில் எவரேனும் இரவில் ஓட்டவே அச்சமாயிருக்கிறது என்று சொன்னால், கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதே நாளில் வண்டியின் விளக்கின் மேலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.